ஹட்டன் மழையில் தஞ்சாவூர்ப் படம்: தங்கம் ஏன் உரிகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வாசிக்க வருபவர்களுக்கும் விளங்க வேண்டும். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். யூடியூப் பார்த்து இரண்டடி உயரத்தில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன் செய்து, வைகாசியில் சட்டம் போட்டு சாமியறையில் மாட்டினீர்கள். ஆவணிக்குள் கிரீடத்தில் தங்கம் உரிந்துவிட்டது, திருவாசி (சாமியைச் சுற்றி வரும் வளைவு) ஓரம் கறுத்துவிட்டது, கண்ணாடிக்கு உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். "இந்தக் குளிருக்குள் தஞ்சாவூர்ப் படம் செய்யவே முடியாதா, இந்தியாவில் இருந்து வாங்கி மாட்டுவதுதான் வழியா" என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை ஊரிலா என் கையிலா என்பதுதான் அதற்குள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. முடியும், நான் இங்கே செய்துகொண்டுதான் இருக்கிறேன். உங்கள் கோட்டில் குறையில்லை, அந்தக் குழந்தை முகம் என்னுடைய முதல் கிருஷ்ணனைவிட எவ்வளவோ மேல் (என்னுடையது வயதான மிராசுதார் மாதிரி இருந்தது). பிழைத்தது காயவிட்டதில். சென்னையில் எடுத்த வீடியோ "ஒரு ராத்திரி காயட்டும்" என்று சொன்னால், அது சென்னை ராத்திரி.

நான் யார் என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் சித்திரப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னார்க் கப்பலில் ஏறி இந்தியாவுக்குப் போனவர்களில் என் அத்தை குடும்பமும் ஒன்று, திருச்சிப் பக்கம் இருக்கிறார்கள். பிற்காலத்தில் அவர்களைப் பார்க்கப் போன சாக்கில் தஞ்சாவூரில் ஒரு ராஜூ குடும்பத்துப் பட்டறையில் எட்டு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அங்கே படித்த முறையை இங்கே கொண்டுவந்து, பத்துப் படம் பாழாக்கி, அப்புறம்தான் இந்த மலைக்கு ஒத்துவரும் ஒரு முறை கைக்கு வந்தது. ரசாயனம் படித்தவன் அல்ல, நகைத் தொழிலும் தெரியாது. நீங்கள் போட்ட படம் ஒன்றை மட்டும் வைத்துப் பேசுகிறேன், ஆகையால் கீழே எது நிச்சயம், எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

இந்தப் படம் எப்படிப்பட்ட பண்டம் என்பது முதலில் மனதில் பதிய வேண்டும். தஞ்சாவூரில் இதற்குப் பழைய பெயரே பலகைப் படம். கடைக்காரர்கள் சோழர் காலத்துக் கலை என்று சொல்லி விற்பார்கள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சோழர் சுவரில் வரைந்தது வேறு. பலகையில் துணி ஒட்டி, மக்கில் (சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்தது) புடைப்பு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு (மெல்லிய தகடு) ஒட்டும் இன்றைய உருவம் மராட்டியர் ஆட்சியில், அதிலும் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் செழித்தது. ஆக, நீங்கள் செய்தது வெறும் ஓவியம் இல்லை. மரம், துணி, பசை, சுண்ணாம்புத் தூள், கண்ணாடிக் கல், உலோகம் என்று ஆறு பொருளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய அடுக்கு. ஈரம் பட்டால் மரம் ஊதும், பசை இளகும், உலோகம் அசையாது. ஒன்று நகர, இன்னொன்று நகராமல் நின்றால் நடுவில் இருப்பது விட்டுப்போகும். காவேரிக் கரை வெயிலில் பிறந்த சாமான் இது, நாமோ மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை துணி காயாத ஊரில் இருக்கிறோம்.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். உரிந்த தங்கத்தில் ஒரு துண்டு கிடைக்குமா பாருங்கள், சட்டத்தின் அடியில் விழுந்திருக்கும். அதைக் குண்டூசி முனையால் புரட்டி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பின்னால் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் மக்கு விட்டிருக்கிறது, அதாவது மக்கில் பசை போதவில்லை அல்லது உள்ளே காய்வதற்கு முன் மேலே ரேக்கு போட்டுவிட்டீர்கள். பின்பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தால் மக்கு நன்றாக இருக்கிறது, ரேக்கு ஒட்டிய பசைதான் பிடிக்கவில்லை. பின்பக்கம் பிசுபிசுத்தால் பசை இன்னும் காயவே இல்லை, கண்ணாடி போட்டு மூடிய பிறகு உள்ளே இருந்த ஈரம் போக வழியில்லாமல் திரும்பிப் பசையையே இளக்கியிருக்கிறது. இந்த மூன்றும் எனக்கு நடந்தவை, அதனால் இதில் சந்தேகம் இல்லை. உங்களுடையது மூன்றாவது என்று நினைக்கிறேன், பூஞ்சணம் கண்ணாடியின் உள்பக்கத்தில் வந்திருப்பதால். ஆனால் அது படத்தைப் பார்த்துச் சொல்லும் ஊகம், அந்தத் துண்டைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

கறுத்த ஓரம் வேறு கதை. அதற்கும் ஈரம் காரணம்தான், ஆனால் ஈரம் தனியாகத் தங்கத்தைக் கறுக்க வைக்காது. நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் உள்ள 22 காரட் ரேக்கு என்ன மழை பெய்தாலும் அப்படி ஆகாது. கறுப்பு, பச்சை வந்தால் அது செம்பும் நாகமும் கலந்த பித்தளை ரேக்கு. வெள்ளித் தகட்டின்மேல் தங்கம் ஏற்றியதும் விற்கிறார்கள், அதிலே தங்கம் தேய்ந்த அல்லது கீறிய இடத்தில் வெள்ளி கறுக்கும், புகையில் உள்ள கந்தகமே அதற்குப் போதும். நீங்கள் "கோல்ட் ஃபாயில் என்று எழுதியிருந்தது" என்கிறீர்கள். எழுதியிருப்பது நிறம். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துணுக்கை நகைக்கடை ஆசாரியிடம் கொடுத்து ஒரு சொட்டு நைத்திரிக் அமிலம் விடச் சொல்லுங்கள், பித்தளை என்றால் பச்சையாகக் கரைந்து ஓடிவிடும். வீட்டில் செய்ய வேண்டாம். இன்னொன்று, ரேக்கு வேறு, மூச்சு விட்டாலே பறக்கும் தங்க இலை வேறு. மைசூர்ப் பாணியில் புடைப்பு தாழ்வாக இருக்கும், அதற்கு அந்த மெல்லிய இலை பொருந்தும். நம்முடைய மேடு பள்ளத்தில் அதைப் போட்டால் கிழிந்து, அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கும். கையில் எடுத்து வெட்டக்கூடிய கனத்தில் உள்ள ரேக்கைத்தான் கேட்டு வாங்க வேண்டும். காசு குறைவென்றால் படத்தைச் சின்னதாக்குங்கள், ரேக்கின் தரத்தில் கை வைக்காதீர்கள். முழங்கையளவு படத்தில் அசல் தங்கம், ஆளுயரப் படத்துப் பித்தளையைவிட நல்லது என்பது என் கட்சி.

பலகை. "பழைய முறையில் பலாப்பலகை என்கிறார்கள், இங்கே பலா தாராளமாக இருக்கிறதே" என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆனால் மரத்தை வெட்டவும் ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதி வேண்டும், அதனால் அரிந்த பலகையை மர ஆலையிலேயே வாங்குங்கள். வாங்கினாலும் உடனே தொடாதீர்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு, நம் பக்கத்தில் அதற்கும் மேலே வையுங்கள். பலாவில் இன்னொரு தொல்லை அதன் மஞ்சள். அந்த வைரக் கட்டையை அவித்துத்தான் பிக்குமாரின் சீவரத்துக்குச் சாயம் எடுத்தார்கள், ஈரப் பசை பட்டால் அந்தச் சாயம் மேலே ஏறி வெள்ளைப் பூச்சில் கறையாகத் தெரியும். ஒரு சரஸ்வதியின் வெள்ளைச் சேலையை எனக்கு அது பொன்மஞ்சள் ஆக்கிவிட்டது, மகாலட்சுமி என்று பெயரை மாற்றிச் சமாளித்தேன். இப்போது தஞ்சாவூரிலேயே பெரும்பாலும் பிளைவூட்தான் போடுகிறார்கள், நீங்களும் தண்ணீருக்கு நிற்கும் மரைன் பிளைவூட்டையே எடுங்கள். இரண்டடிப் படத்துக்கு 12 மில்லிமீட்டர் கனம் வேண்டும். எம்டிஎஃப், ஹார்ட்போர்ட் இரண்டும் வேண்டவே வேண்டாம், ஓரத்தில் ஈரம் குடித்துப் பாண் மாதிரி ஊதிவிடும். எந்த வீடியோவிலும் சொல்லாத ஒன்று சொல்கிறேன்: பலகையின் பின்பக்கத்துக்கும் நாலு ஓரத்துக்கும் முதலில் வார்னிஷோ எனாமல் பெயின்ட்டோ இரண்டு கை அடித்துவிடுங்கள். முன்னால் மட்டும் துணியும் பூச்சும் ஏறினால் பலகை ஒரு பக்கமாக வளையும், வளைந்தால் மேலே வெடிக்கும்.

துணி ஒட்டுவதில் பசைதான் விஷயம். பழைய முறை புளியங்கொட்டைப் பசை. வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவது. மணமே ஒரு சுகம். ஆனால் அது மாவு, பூஞ்சணத்துக்குச் சோறு. அதற்காகத்தான் பழையவர்கள் பசையில் மயில்துத்தம் (செப்பு சல்பேட்) ஒரு கிள்ளுப் போட்டார்கள். அது நஞ்சு, சமையல் சட்டியில் காய்ச்சக் கூடாது, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் திறந்து வைக்கக் கூடாது. லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) குசினியும் பட்டறையும் ஒரே இடம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், தச்சர்கள் போடும் வெள்ளை பைண்டர் கம்மில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒட்டுங்கள். தஞ்சாவூரில் என் வாத்தியார் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை, அவர் வட்டவளை மழையைப் பார்த்ததில்லை. வேப்பெண்ணெய் கலந்தால் பூஞ்சணம் வராது என்று யாராவது சொல்வார்கள். எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர்ப் பசை பிடிக்காது, அவ்வளவுதான். துணிக்குப் பழைய பருத்தி வேட்டி நல்லது. கஞ்சி போக நன்றாக அலசி, காய்ந்த பின் ஒட்டுங்கள், அந்தக் கஞ்சியும் பூஞ்சணத்துக்குச் சோறுதான்.

அடுத்தது சுண்ணாம்புத் தூள் பூச்சு. நீங்கள் ஒரே நாளில் மூன்று கை அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் பகீர் என்றது. மழைக்காலத்தில் நான் ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் இரண்டு நாள் விடுவேன். மெல்லிசாக ஐந்து கை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு உப்புத்தாள். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியாது, மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். பலகையை நிமிர்த்திப் பிடித்துக் கன்னத்தை வைத்துப் பாருங்கள். ஈரம் இன்னும் வெளியேறிக்கொண்டிருந்தால் அந்த இடம் சில்லென்று இருக்கும், காய்ந்திருந்தால் அறையில் கிடக்கும் மற்றப் பலகையின் சூடுதான் இருக்கும். பக்கத்திலேயே வேலை செய்யாத ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு, இந்தக் கன்னத்தில் இது, அந்தக் கன்னத்தில் அது என்று ஒப்பிடுவேன். வீட்டில் சிரிப்பார்கள். மூக்குநுனியில் வெள்ளை ஒட்டியிருப்பதைப் பார்த்து, "சாமிக்கு முத்தம் கொடுத்தாச்சா" என்று என் பேத்தி கேட்பாள்.

சீக்கிரம் காயட்டும் என்று சூடு காட்டுவதும் ஆகாது. கற்றுக்கொண்டு வந்த புதிதில் மாமா ஒருவர் தேயிலை ஸ்டோரில் வேலை. கொழுந்து உலர்த்தும் டிரையர் இருக்கும் அறை எப்போதும் கணகணவென்று இருக்குமே, அங்கே ஓர் ஓரமாக என் பலகையைச் சாய்த்து வைக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் மாவு மாதிரி காய்ந்துவிட்டது, அவருக்கும் எனக்கும் ஒரே சந்தோசம். வீட்டுக்கு எடுத்து வந்து ராத்திரி பார்த்தால், காய்ந்த குளத்து அடிமண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. மேல்தோல் முந்திக்கொண்டு சுருங்க, அடியில் இருந்தது பின்னால் சுருங்கியிருக்கிறது. இப்போது என் ஏற்பாடு எளிது: பழைய அலுமாரி ஒன்று, அடித்தட்டில் பழைய மாதிரிக் குண்டு பல்ப், 40 வாட், மேல்தட்டில் பலகை, கதவு ஒரு விரல் அளவு திறந்தபடி. துணி, கடதாசி எதுவும் பல்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சூடு என்று சொல்ல முடியாது, வெளியை விடக் கொஞ்சம் கதகதப்பு. அதற்கே பெரிய வித்தியாசம் தெரிகிறது.

மக்கும் கல்லும். சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்து, தூரிகை நுனியில் எடுத்துப் புள்ளி புள்ளியாக ஏற்றுவது தெரிந்ததுதான். கனமாக வேண்டும் என்று ஒரே முறையில் ஏற்றாதீர்கள், கிரீடத்தின் உயரத்தை மூன்று தடவையாக ஏற்றுங்கள். கல்லைப் பற்றி ஒரு சொல்: பின்னால் பாதரசம் பூசியது மாதிரி மினுக்கும் கண்ணாடிக் கற்களில் அந்த மினுக்குப் பூச்சுக்குள் ஈரம் போனால் கல் கண் மங்கிப்போகும். அதனால் கல்லை மட்டும், பழைய முறை புதிய முறை என்று யோசிக்காமல், பைண்டர் கம்மில் முழுசாகப் பதித்து, சுற்றிலும் மக்கால் கரை கட்டிவிடுங்கள்.

ரேக்கு ஒட்டும் நேரம்தான் எல்லாம். அரபிக் கம் என்று விற்கும் வேலம்பிசினை ஊறவைத்து வடிகட்டி, தேன் பதத்தில் மக்கின்மேல் தடவுகிறோம். தடவியதும் ஒட்டக் கூடாது. விரலின் பின்பக்கத்தை மெதுவாக வைத்து எடுத்தால், ஒட்டப் பார்த்து விட்டுவிட வேண்டும், விரலில் பசை வரக் கூடாது. அந்தப் பதம் தஞ்சாவூரில் சித்திரை மாதம் ஐந்து நிமிசத்தில் வந்துவிடும். இங்கே பனிமூட்டம் இறங்கிய ஒரு பின்னேரம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பதத்துக்கு முன் போட்டால் ரேக்கு சுருங்கும், அடியில் ஈரம் சிறைப்படும், உலோகத்துக்கு ஊடாக அது வெளியே வர வழி ஏது? மூன்று வாரத்தில் தூக்கும். பதம் தப்பினால் பிடிக்காது. பதம் தப்பியதாகத் தோன்றினால் வாயால் ஒரு தடவை ஆவி ஊதினால் போதும், வேலம்பிசின் மூச்சுக் காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். அவ்வளவு ஈரம் இழுக்கும் பொருளைத்தான் மழை நாளில் வெளிவாசலில் இருந்து தடவுகிறோம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், தலைக்கு வைத்த எண்ணெய் விரலில் இருந்தால் அந்த ரேகையோடு தங்கம் உரியும். பஞ்சால் ஒத்தி, மை தீர்ந்த பேனா முனையால் மக்கின் பள்ளங்களில் அழுத்தி, கல்மேல் ஏறிய ரேக்கைக் கீறி எடுத்துவிட்டு, ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். வர்ணம் அதற்குப் பிறகு. வர்ணத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள், ஒன்றே ஒன்று: தங்கத்தின் ஓரத்தில் தண்ணீராக இல்லாமல் கெட்டியாகத் தீட்டுங்கள், நீர்த்த வர்ணம் ஓரத்து வழியாக அடிப் பசைக்குள் போய்விடும். கண் கடைசியில்.

இந்த ஈரத்தில் எந்தப் படமும் நிற்காது என்று உங்களுக்குச் சொன்ன அந்த நண்பரைக் கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ விகாரைக்குக் கூட்டிப் போங்கள். 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் குகைக்குள்ளே தீட்டிய சுவர்ப்படங்கள், இன்றும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. அந்த ராஜாவே மதுரைப் பக்கத்து நாயக்க வம்சம் என்பதைச் சொன்னால் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியமாக இருக்கும். கண்டி ஹட்டன் அளவுக்கு நனையாது, ஒப்புக்கொள்கிறேன், அங்கே தங்க ரேக்கும் இல்லை. ஆனால் அவர்கள் அந்தந்த இடத்து வெள்ளை மண்ணையும் பிசினையும் பழகி எடுத்து வேலை செய்தார்கள்.

சட்டம் போடுவதில் நம் ஊர்க் கடைகள் போட்டோவுக்குப் போடுகிற மாதிரியே போட்டுவிடுகிறார்கள், கண்ணாடி படத்தின் மூக்கில் இடிக்கிறது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கால் அங்குலமாவது இடைவெளி வேண்டும், உள்பக்கம் நாலு ஓரமும் ஒரு குச்சி வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். பின்பக்கத்தை டேப் ஒட்டி அடைக்க வேண்டாம், மூச்சு விடட்டும். மாட்டும்போது வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். லயத்துக் கருங்கல் சுவர் ஆடி மாதம் வியர்ப்பதை நீங்களே தடவிப் பார்த்திருப்பீர்கள். உள் தடுப்புச் சுவரில், பின்னால் போத்தல் மூடிக் கார்க் நாலு ஒட்டி, சுவரைத் தொடாமல் தொங்கவிடுங்கள். விளக்கும் கற்பூரமும் நேர் கீழே வேண்டாம், ஒரு முழம் தள்ளி வைத்தாலும் கிருஷ்ணன் கோபிக்க மாட்டான்.

எப்போது தொடங்குவது? உங்கள் பக்கத்தில் சிவனொளிபாத மலைக்குச் சனம் ஏறும் காலம்தான் நமக்கும் காலம், அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை. பலகை, துணி, பூச்சு வேலையை மழையிலேயே மெதுவாகச் செய்து வைத்துக்கொண்டு, ரேக்கு வேலையை அந்த மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இதையே பண்டாரவளை, பதுளைப் பக்கத்தவர்கள் வாசித்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு மழை வடகீழ்ப் பருவத்தோடு வரும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நன்றாகக் காயும், அப்போது செய்யுங்கள்.

இருக்கிற கிருஷ்ணனைத் தூக்கிப் போட வேண்டாம். இன்றைக்கே சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, அலுமாரிக்குள் பல்ப் போட்டு இரண்டு வாரம் வையுங்கள். பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள், முழுக்கக் காய்ந்த பிறகு வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். கறுத்த திருவாசியைத் தேய்த்து மினுக்கப் பார்க்காதீர்கள், பித்தளை என்றால் தேய்க்கத் தேய்க்க ஓட்டைதான் விழும். அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்து வேறு ரேக்கு போடலாம். ஆனால் அதற்கு முன் அந்த உரிந்த துண்டைப் புரட்டி, பின்பக்கத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், மக்கைத் தொட வேண்டுமா வேண்டாமா என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.